நேர்ஸ் அக்காவிட்ட கேளுங்க: பிள்ளையும் சலப்பையும்

போன மாசம் ஒரு தாய் கேட்ட சின்னக் கேள்விக்கு, பிள்ளையள்ர சலப் பிரச்சினை பற்றி நாலு வரி எழுதினன், அதுக்குப் பிறகு வந்த கடிதங்களை வாசிக்கவே ரெண்டு நாள் போயிட்டுது. புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. நான் திருகோணமலைப் பிள்ளைதான், இங்க வாட்டுல வேலை செஞ்சு பிறகு இங்கிலாந்தில பிள்ளையள்ர யூரோலொஜி, அதாவது கிட்னி சலப்பை வருத்தம் பார்க்கிற பிரிவில கன வருசம் நேர்ஸா இருந்துட்டு இப்ப உப்புவெளியில வந்து இருக்கிறன். கடிதம் எழுதின ஆக்கள்ர பேர் ஒண்டும் போடல்ல.

பாலையூற்றிலிருந்து ஒரு அம்மம்மா: மகள், என்ட பேரன் டொராண்டோவில பிறந்தவன், இப்ப ஏழு மாசம். வயித்துல இருக்கேக்கயே ஸ்கான்ல ஒரு பக்கக் கிட்னி வீங்கி இருக்கு எண்டு கண்டவங்க. மூண்டு தரம் கிளினிக் போயும் டொக்டர் பார்க்கல்லயாம், 'நேர்ஸ் பிரக்டிஷனர்' எண்டு ஒரு பொம்பிளைதானாம் பார்த்தவ, மருந்தும் அவவே எழுதினவவாம். அவ்வளவு பெரிய நாட்டில என்னத்துக்கு நேர்ஸைக் காட்டி அனுப்புறாங்க? பிள்ளையை ஏனோதானோ எண்டு பார்க்கிறாங்களோ எண்டு எனக்கு நித்திரை இல்ல.

அம்மா, முதல் நித்திரை கொள்ளுங்க. உங்கட பயம் எனக்கு விளங்குது, எங்கட ஊர்ல நேர்ஸ் எண்டா ஊசி போடுற, பிரஷர் பார்க்கிற, மருந்து குடுக்கிற ஆள், மருந்து எழுதுறது டொக்டர்ர வேலை. நேர்ஸ் பிரக்டிஷனர் எண்டவவும் நேர்ஸ்தான், ஆனா வாட்டுல கன காலம் வேலை செஞ்சு அதுக்கு மேல மாஸ்டர்ஸ் அளவில படிச்சு, பிள்ளையை சோதிச்சுப் பார்க்க, டெஸ்ட் எழுத, ரிப்போட் வாசிச்சு முடிவெடுக்க, மருந்து எழுத எல்லாத்துக்கும் அந்த நாட்டுச் சட்டப்படி அனுமதி எடுத்தவ. இன்னொண்டு தெரியுமோ, இந்தப் படிப்பு தொடங்கினதே பிள்ளையளுக்காகத்தான். 1965ல அமெரிக்காவில கொலராடோ பல்கலைக்கழகத்தில லொரெட்டா ஃபோர்ட் எண்ட நேர்ஸும் ஹென்றி சில்வர் எண்ட பிள்ளை டொக்டரும் சேர்ந்துதான் முதல் வகுப்பைத் தொடங்கினவங்க, கிராமத்திலயும் ஏழைக் குடும்பங்கள்லயும் பிள்ளையளைப் பார்க்க டொக்டர்மார் காணாம இருந்த நேரம். இங்கிலாந்தில 2006ல இருந்து, அதுக்கெண்டு தனியாப் படிச்சுத் தகுதி எடுத்த நேர்ஸ்மார் கிட்டத்தட்ட எல்லா மருந்தையும் தாங்களே எழுதுறாங்க, என்னோட வேலை செஞ்ச ஆக்கள் எழுதுறதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறன்.

உங்கட பேரன்ட விசயத்துக்கு வருவம். வயித்துலயே கண்டுபிடிக்கிற கிட்னி வீக்கத்தில கனக்க பிள்ளையளுக்கு அது தன்ட பாட்டில குறையும், கத்தி வைக்க வேண்டி வாறது கொஞ்சப் பேருக்குத்தான். அப்ப இந்தப் பிள்ளைக்கு இப்ப தேவை ஒப்பரேஷன் செய்யிற கை இல்ல, சரியான நேரத்துக்கு ஸ்கான் எடுத்து போன தரத்தோட ஒப்பிட்டுப் பார்த்து, தாய்ட்ட வடிவாக் கதைச்சு, பாலைக் குடிக்கிறானோ, நிறை ஏறுதோ, சலம் எப்பிடிப் போகுது எண்டு கேட்கிற ஒரு ஆள். சேர்ஜன் அந்த நேரம் தியேட்டர்ல நிப்பார், அவருக்கு ஒரு தாயோட அரை மணித்தியாலம் இருக்க எங்க நேரம்? வீக்கம் கூடுது அல்லது கிட்னி வேலை குறையுது எண்டு கண்டா அவவே சேர்ஜனிட்ட கொண்டு போவா, அது அவட வேலையில ஒரு பகுதி.

நீங்க மகளிட்ட ஒண்டு மட்டும் கேளுங்க, காய்ச்சல் வந்தா எந்த நம்பருக்கு எடுக்கிறது எண்டு அந்த நேர்ஸ் சொல்லித் தந்தவவோ எண்டு. இப்பிடியான பிள்ளைக்கு தடிமன் இருமல் ஒண்டும் இல்லாம 38 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தா அண்டைக்கே சலம் டெஸ்ட் பண்ண வேணும், நாளைக்குப் பார்ப்பம் எண்டு விடக்கூடாது. கைக்குழந்தையிட்ட சலம் எடுக்கிறது கஷ்டம்தான், ஒட்டுற பையில எடுத்தா தோல்ல இருக்கிற கிருமியும் சேர்ந்து ரிப்போட்டைக் குழப்பும், போகேக்க நடுவில போத்தல்ல பிடிக்கிறதுதான் நல்லம். குளிர் தண்ணியில நனைச்ச துணியால அடிவயித்தை மெல்லத் தடவினா கெதியாப் போகும். இதையும் எனக்குக் காட்டித் தந்தது ஒரு நேர்ஸ்தான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு உம்மா: மகனுக்கு அஞ்சு மாசம். சலம் போற துவாரம் நுனியில இல்லாம கீழ்ப்பக்கம் இருக்கு. சுன்னத்து வைக்க நாள் பார்த்த நேரம்தான் அதைச் செய்யிற ஆள் கண்டு சொன்னது. கொழும்பு லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரிக்கு கடிதம் தந்திருக்காங்க. மாமி சொல்றா முதல் சுன்னத்தை முடிச்சிட்டு மத்ததைப் பார்ப்பம் எண்டு. என்ன செய்ற?

தங்கச்சி, சுன்னத்து இப்ப வேணாம். இதை மாமிக்கு நீங்களே சொல்ல ஏலாட்டி இந்தப் பக்கத்தை அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. இதுக்குப் பேர் ஹைப்போஸ்பேடியாஸ், 200ல இருந்து 300 ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒண்டு எண்ட கணக்கில வாறது, நீங்க வயித்துல இருக்கேக்க தின்னதாலயோ பாரம் தூக்கினதாலயோ வந்ததில்ல. துவாரத்தை நுனிக்குக் கொண்டு வாற ஒப்பரேஷனுக்கு அந்த முன்தோல்தான் கன நேரம் துணியா உதவும், அதை இப்ப வெட்டி எறிஞ்சா பிறகு சேர்ஜனுக்கு தைக்க தோல் இல்லாமப் போகும். மாமிக்கு ஆறுதலான விசயமும் இருக்கு. பெரும்பாலும் அந்த ஒப்பரேஷன் முடியேக்க முன்தோலும் எடுபட்டு சுன்னத்து செஞ்ச மாதிரியே இருக்கும், சேர்ஜனிட்ட முதலே எங்கட வழக்கம் இது எண்டு சொல்லி வைங்க, ஒரே மயக்கத்தில ரெண்டும் முடிஞ்சிடும். வழமையா 6 மாசத்தில இருந்து 18 மாசத்துக்குள்ள செய்யிறது. ரெண்டு விதையும் கீழ இறங்கி இருக்கோ எண்டும் டொக்டர் பார்த்தவரோ எண்டு ஒருக்கா கேளுங்க, அதுவும் இறங்கல்ல எண்டா கூடுதலா சில டெஸ்ட் செய்ய வேணும்.

ஒப்பரேஷனை விட அதுக்குப் பிறகு வாற கிழமைதான் தாய்மாரை ஆட்டி எடுக்கிறது. சின்னக் குழாய் ஒண்டு வைச்சு அனுப்புவாங்க, சலம் அதால சொட்டுச் சொட்டா வந்து கொண்டிருக்கும். நான் வேலை செஞ்ச இடத்தில இதை முழுக்க நேர்ஸ்மார்தான் சொல்லிக் குடுக்கிறது, ரெண்டு பம்பர்ஸ் போடுற முறை: உள் பம்பர்ஸ்ல முன்னுக்கு ஒரு சின்ன ஓட்டை வெட்டி குழாயை அதால எடுத்து வெளிப் பம்பர்ஸுக்குள்ள விடுறது, மலம் உள்ளுக்கு நிக்கும், சலம் வெளிய போகும், காயம் காய்ஞ்சு இருக்கும். இடைக்கிடை பிள்ளை காலை மடக்கி முக்கி அழுவான், அது சலப்பை இறுகிற நோ, அதுக்கு மருந்து இருக்கு. வீட்டுக்குப் போய் ரெண்டாம் நாள் நேர்ஸ் ஃபோன் எடுத்துக் கேட்பா, அந்த ஒரு ஃபோனால எத்தினையோ தாய்மார் ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஓடாம இருந்தவங்க.

இங்க உங்களுக்கு அப்பிடி ஒரு ஃபோன் வராமப் போகலாம், கொழும்பில இருந்து கிண்ணியாவுக்கு பிள்ளையோட வந்து இறங்கினா பிறகு திரும்ப ஓடுறது லேசில்ல. அதால டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடுற அண்டைக்கு வாட்டு நேர்ஸிட்ட கேட்டு ஒரு தாள்ல எழுதிக் கொள்ளுங்க: குழாய் எத்தினையாம் நாள் எடுக்கிறது, தானா விழுந்தா என்ன செய்யிறது, எவ்வளவு ரத்தம் கண்டா பயப்பிட வேணும், யாருக்கு எடுக்கிறது. கேட்க வெட்கப்பட வேணாம். சலம் ஒண்டுமே வராட்டியும் காய்ச்சல் வந்தாலும் ரத்தம் நிக்காட்டியும் தாளைப் பார்த்துக் கொண்டிருக்காம கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க.

திருகோணமலை டவுனிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு எட்டு வயசு. ஒவ்வொரு நாளும் படுக்கையில சலம் போறான். பகல்ல ஒண்டும் இல்ல. அவர் அடிக்கிறார், மாமி ஊருக்கெல்லாம் சொல்றா. ராத்திரி ரெண்டு தரம் எழுப்பி கொண்டு போறன், அப்பவும் நனைக்கிறான். சொந்தக்காரர் வீட்டில நிக்க விட ஏலாம இருக்கு.

அடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லுங்க. இதை நான் பவ்வியமா எல்லாம் சொல்லப் போறதில்ல. நித்திரையில நடக்கிறதுக்கு ஒரு பிள்ளையை அடிக்கிறது அநியாயம், அவன் வேணுமெண்டு செய்யிறதில்ல, அவனுக்கு முழிப்பே வாறதில்ல. அஞ்சு வயசில நூறு பிள்ளையில ஒரு 15 பிள்ளை இப்பிடித்தான், அதில ஒவ்வொரு வருசமும் நூற்றுக்குப் பதினைஞ்சு பேர் அளவில தானா விடும். பரம்பரையாவும் வரும், தாய் தகப்பன் ரெண்டு பேரும் சின்னனில நனைச்சவங்க எண்டா பிள்ளையும் நனைக்கிறதுக்கு முக்கால் பங்கு சாத்தியம் இருக்கு. அடிக்கிற அப்பாட அம்மாட்ட மெல்லமாக் கேட்டுப் பாருங்க, அவர் எத்தினை வயசு மட்டும் பாயை நனைச்சவர் எண்டு. கிளினிக்குல நான் இதைக் கேட்டா பத்தில ஆறு ஏழு வீட்டில ஆரோ ஒராள் தலையைக் குனிவார்.

இங்கிலாந்தில இந்தப் பிள்ளையளைப் பார்க்கிறது பெரும்பாலும் நேர்ஸ் நடத்துற கிளினிக்தான், சேர்ஜனிட்ட போறதே இல்ல. முதல் நாள் மருந்து ஒண்டும் குடுக்கிறதில்ல. ஒரு தாளையும் அளவுக் கோப்பையும் குடுத்து ரெண்டு நாள், சனி ஞாயிறு எண்டா வசதி, பிள்ளை என்ன குடிக்கிறான் எவ்வளவு சலம் போறான் எண்டு மில்லிலீட்டர்ல எழுதச் சொல்லுவம். வயசோட ஒண்டைக் கூட்டி 30ஆல பெருக்குங்க, எட்டு வயசுக்கு 270 மில்லிலீட்டர், ஒரு தரத்தில அவன்ட சலப்பை அவ்வளவு மட்டில பிடிக்க வேணும். சரியான குறைவா இருந்தா சலப்பை சின்னதா நடக்குது, அளவு சரி எண்டா ராத்திரியில சலம் கூட ஊறுது எண்டு ஓரளவு விளங்கும், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றது, அந்தத் தாள் இல்லாம மருந்து எழுதுறது கண்ணைக் கட்டிக் கொண்டு நடக்கிற மாதிரி.

பிறகு மலம். தாய்மார் "அது ஒழுங்காப் போகுது" எண்டுதான் சொல்லுவாங்க, ஆனா மூண்டு நாளைக்கு ஒருக்கா கல்லு மாதிரிப் போனா அது ஒழுங்கில்ல, உள்ளுக்கு நிரம்பி நிக்கிற மலம் சலப்பையை நெரிக்கும். எத்தினையோ பிள்ளைக்கு மலச்சிக்கலை மாத்தினதோட படுக்கையும் காய்ஞ்சிருக்கு. தண்ணியும் எங்கட பிள்ளையள் தலைகீழாக் குடிக்கிறது, பள்ளிக்கூட டொய்லெட் சரியில்ல எண்டு காலையில இருந்து ரெண்டு மணி மட்டும் வாயே நனைக்கிறதில்ல, இந்த வெயிலுக்குள்ள வந்து பின்னேரம் போத்தல் போத்தலாக் குடிச்சு ராத்திரி சாப்பாட்டோட ஒரு பிளேன்டீயும். அதை மாத்துங்க, முக்கால்வாசித் தண்ணி பின்னேரம் நாலு மணிக்கு முதல் உள்ளுக்குப் போகட்டும், ராத்திரி தேத்தண்ணி வேணாம், படுக்க முதல் ஒருக்கா சலம் போகட்டும். நீங்க ரெண்டு தரம் எழுப்புறது பாயைக் காப்பாத்தும், ஆனா அவன்ட மூளைக்கு ஒண்டும் பழக்காது.

இதுக்குப் பிறகும் நிக்காட்டி அலாரம் ஒண்டு இருக்கு, உடுப்பில முதல் துளி பட்டதும் சத்தம் போடும், ஆரம்பத்தில அவன் எழும்ப மாட்டான், நீங்க எழும்பி அவனை எழுப்பி நடத்திக் கொண்டு போக வேணும். ரெண்டு மூண்டு மாசம் விடாமச் செய்தா மூண்டில ரெண்டு பிள்ளைக்கு சரி வரும். அந்த ரெண்டு மூண்டு மாசத்தைத் தாண்ட வைக்கிறதுதான் நேர்ஸ்ட வேலை, நாங்க கிழமைக்கு கிழமை ஃபோன் எடுத்துக் கேட்போம், ஏனெண்டா நித்திரை இல்லாத தாய் மூண்டாம் கிழமை அலாரத்தைத் தூக்கி அலுமாரிக்குள்ள வைச்சிடுவா. ராத்திரி சலம் ஊறுறதைக் குறைக்கிற டெஸ்மோபிரெஸின் எண்ட மருந்து, சுற்றுலா போக, சொந்தக்காரர் வீட்டில நிக்க நல்லா உதவும், ஆனா டொக்டர் எழுதித்தான் குடுக்க வேணும், அதைக் குடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு முதல்ல இருந்து எட்டு மணித்தியாலம் மட்டும் தண்ணி நல்லாக் குறைக்க வேணும், இல்லாட்டி ரத்தத்தில உப்பு குறைஞ்சு வலிப்பு வரவும் பார்க்கும். பகல்லயும் நனையத் தொடங்கினா, சலம் சொட்டுச் சொட்டாப் போனா, திடீரெண்டு தாகம் கூடி மெலிஞ்சா, ஆறு மாசம் காய்ஞ்சு இருந்துட்டுத் திரும்பத் தொடங்கினா இதெல்லாம் வைச்சுக் கொண்டிருக்காம டொக்டரிட்ட காட்டுங்க.

நிலாவெளியிலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு 13. போன கிழமை ராத்திரி ஒரு பக்க விதையில சரியான நோ எண்டு வாந்தியும் எடுத்தவன், விடியச் சரியாப் போச்சு. வெட்கத்தில காலையிலதான் சொன்னவன். காட்ட வேணுமோ?

ஓம், இந்தக் கிழமையே சேர்ஜனிட்ட காட்டுங்க. விதை முறுகித் திரும்பி தானாக் கழண்டிருக்கலாம், திரும்ப வந்தா கழராமப் போகலாம். அடுத்த தரம் நோ வந்தா எண்ணெய் தேய்க்கிறது, பெனடோல் குடுத்துப் படுக்க வைக்கிறது ஒண்டும் வேணாம், சாப்பாடு தண்ணி குடுக்காம உடன பெரியாஸ்பத்திரி, வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. ஆறு மணித்தியாலத்துக்குள்ள திருப்பினா பெரும்பாலும் விதையைக் காப்பாத்தலாம், அதுக்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம். மகனிட்ட இண்டைக்கே சொல்லுங்க, ராத்திரி ரெண்டு மணி எண்டாலும் என்னை எழுப்பு எண்டு.

சம்பூரிலிருந்து ஒரு தாய்: மகள் முதுகில கட்டியோட பிறந்தவ, ஒப்பரேஷன் செஞ்சது. ஒன்பது வயசு, சலம் தானாப் போகாது, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நான்தான் குழாய் போடுறது. பள்ளிக்கூடத்துக்கு நான் பத்தரைக்குப் போக வேணும். கிருமி இல்லாத கையுறை எல்லாம் வாங்கிக் கட்டுப்படியாகுது இல்ல. இனிமேலும் இப்பிடியேதானோ?

இப்பிடியே இல்ல தங்கச்சி. முதுகில அப்பிடிப் பிறந்த பிள்ளைக்கு சலப்பைக்குப் போற நரம்பு சரியா வேலை செய்யாது, அதாலதான் சலம் தானாப் போறதில்ல. ஒன்பது வருசம் அந்தப் பிள்ளையின்ட கிட்னியை நீங்கதான் காப்பாத்திக் கொண்டு வந்திருக்கிறீங்க, சலப்பைக்குள்ள பிரஷர் கூடி கிட்னிக்குத் திரும்பி அடிக்காம வைச்சது அந்த நாலு மணித்தியாலக் குழாய்தான்.

கையுறைக் காசைப் பற்றி முதல். 1972ல மிச்சிகன் பல்கலைக்கழக யூரோலொஜி டொக்டர் ஜாக் லாப்பிடிஸ், ஆஸ்பத்திரியில மாதிரிக் கிருமி நீக்கின சாமான் இல்லாமலே சோப் போட்டுக் கழுவின கையாலயும் சுத்தமான குழாயாலயும் செஞ்சா காணும், சலப்பையை நிரம்பி விம்ம விடாம ஒழுங்கா வெறுமையாக்கிறதுதான் கிருமியைத் தடுக்கிறது எண்டு எழுதினார், அந்தக் காலத்தில டொக்டர்மாரே நம்பல்ல. அந்தக் கட்டுரை எழுதின ஆக்கள்ல அவரோட வேலை செஞ்ச ஒரு நேர்ஸும் இருக்கிறா. இண்டைக்கு உலகம் முழுக்க வீட்டில செய்யிறது அந்த முறைதான். அதால வீட்டில உங்கட கைக்கு சோப்பும் தண்ணியும் காணும். குழாயைக் கழுவித் திரும்பப் பாவிக்கிறதா புதுசா எடுக்கிறதா எண்டு மட்டும் உங்கட கிளினிக்குல கேட்டுச் செய்யுங்க. முதுகுப் பிரச்சினையோட பிறந்த பிள்ளையளுக்கு ரப்பர் லேட்டெக்ஸ் அலர்ஜி வர வாய்ப்பு கூட, குழாய் வாங்கேக்க லேட்டெக்ஸ் இல்லாததோ எண்டு பாருங்க, பிறந்தநாளுக்கு ஊதுற பலூன்லயும் கவனம்.

இப்ப மகள். ஒன்பது வயசு அவ தானே பழகிற வயசு. நாங்க பொம்மையை வைச்சுத்தான் தொடங்குவம், எங்க இருக்கு ஓட்டை எண்டு பொம்மையில காட்டி, பிறகு கண்ணாடியில தன்னைத் தானே பார்க்க வைச்சு, முதல் நாலைஞ்சு தரம் தாய் குழாயைப் பிடிக்க பிள்ளை தள்ள, பிறகு பிள்ளை பிடிக்க தாய் பார்த்துக் கொண்டிருக்க. அவசரப்படுத்தினா அழுவா. ஒரு பிள்ளைக்கு நான் ஆறு கிழமை எடுத்தனான், ஏழாம் கிழமை அவ கதவைச் சாத்திப் போட்டு "நீங்க வெளிய நில்லுங்க" எண்டா, நானும் அவட அம்மாவும் வெளிய நிண்டு அழுதம்.

பள்ளிக்கூடத்தில அதிபரிட்ட நேர போய்க் கதையுங்க, கொண்டி உள்ள கதவும் பைப் தண்ணியும் உள்ள ஒரு டொய்லெட், விசயம் தெரிஞ்ச ஒரு டீச்சர், பையில ஒரு சின்னப் பேர்ஸ், வேற ஒண்டும் தேவையில்ல. சலம் டெஸ்டில கிருமி எண்டு வந்தாலும் காய்ச்சல், நோ, நாத்தத்தோட நனையிறது ஒண்டும் இல்லாட்டி ஒவ்வொரு தரமும் அன்ரிபயோட்டிக் எடுக்க வேணுமெண்டில்ல, குழாய் பாவிக்கிற கனக்க பேருக்கு டெஸ்டில கிருமி தெரியும், டொக்டரிட்ட இதைக் கேளுங்க. கிட்னி ஸ்கானை மட்டும் தவற விடாதீங்க.

ஒரு இளம் நேர்ஸ்: அக்கா, நீங்க சொல்ற மாதிரி வேலை செய்ய எனக்கும் ஆசை. இங்க அப்பிடி ஒரு பதவி இல்லையே. வெளிநாடு போறது மட்டும்தான் வழியோ?

பதவி இல்ல, மருந்து எழுதவும் இங்க உங்களுக்கு அனுமதி இல்ல, அதை மீறச் சொல்லி நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன். ஆனா மேல எழுதினதைத் திரும்பப் பாருங்க, அதில மருந்து எழுதுற வேலை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு எண்டு. தாளைக் குடுத்து அளக்கப் பழக்கிறது, பம்பர்ஸ்ல ஓட்டை வெட்டக் காட்டுறது, ஃபோன் எடுக்கிறது, பொம்மை. எங்கட மிட்வைஃப்மார் இதைத்தானே இவ்வளவு காலமும் செய்யிறாங்க, வீட்டுக்குப் போய் பிள்ளைட நிறை பார்த்து, தாய்ட முகத்தைப் பார்த்தே என்ன நடக்குது எண்டு சொல்லுவாங்க.

நான் பழகின காலத்தில ஒரு வாட்டுல ஆம்பிளைக் குழந்தையள்ர முன்தோலை இழுத்துக் கழுவச் சொல்லி தாய்மாருக்குச் சொல்லிக் குடுத்தது, நானும் சொல்லி இருக்கிறன், பிள்ளையள் கதறுவாங்கள். சின்ன வயசில அது ஒட்டித்தான் இருக்கும், தானாக் கழரும், இழுத்தா கிழிஞ்சு தழும்பு வந்து இறுகும் எண்டு பிறகு படிக்கேக்கதான் எனக்குத் தெரிஞ்சது. இப்பவும் நினைக்கேக்க மனசு கிடந்து அடிக்குது. படிச்சிருந்தா அந்தப் பிள்ளையளுக்கு அந்த நோ வந்திராது. அதால படியுங்க, டிகிரி செய்ய கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் யாழ்ப்பாணத்திலயும் நேர்சிங் இருக்கு, வெளிநாடு போறதெண்டாலும் அந்தப் படிப்பு கை குடுக்கும்.

இப்பவே தொடங்க விருப்பம் எண்டா உங்கட பிள்ளை டொக்டரிட்டயும் சிஸ்டரிட்டயும் கேட்டு, படுக்கை நனைக்கிற பிள்ளையள்ர தாய்மாருக்கு கிழமையில ஒரு பின்னேரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்க. ஒரு மேசை, அளவுக் கோப்பை, கோடு போட்ட தாள். அந்தத் தாளை நான் தமிழ்ல அடிச்சு வைச்சிருக்கிறன், பத்திரிகை விலாசத்துக்கு எழுதினா அனுப்பி விடுறன்.